ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கெட்டி, கீழே பால் திரிகிறது: கேஸ் போடத்தான் வேண்டுமா?

செங்காங்வாசி

வணக்கம். சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நாலறை வீட்டில் ஒன்பது வருடமாக ஓடும் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ். மேலே ஃப்ரீசர், தானே பனியைக் கரைத்துக்கொள்ளும் நோ-ஃப்ரோஸ்ட் வகை. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கெட்டியாகவே இருக்கிறது. கோளாறு கீழ்ப்பகுதியில்தான். பால் பெட்டியைத் திறந்த மறுநாளே வாடை அடிக்கிறது. தோசை மாவை ராத்திரி உள்ளே வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது, துடைத்தால் மறுபடியும் வருகிறது.

கீழே இருக்கும் குமிழை 3-லிருந்து 5-க்குத் திருப்பினேன். ஃப்ரீசர் குமிழையும் கடைசி வரை திருப்பிவிட்டேன். பலன் இல்லை. பக்கச் சுவர் இரண்டும் தொட்டால் சுடுகிறது. போனில் பேசிய ரிப்பேர் ஆள், வந்து பார்க்காமலேயே "கேஸ் இறங்கிப்போச்சு, நிரப்பணும்" என்கிறார். நிரப்பலாமா? இன்னொன்று, உள்ளே சாம்பார், கோழிக்குழம்பு, சோறு, தேங்காய்ச் சட்னி எல்லாம் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொட்டவேண்டும்? கொதிக்கவைத்துவிட்டால் போதுமா? சூடு முழுக்க ஆறிய பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் சரிதானா?

சுருள்குழாய்

கேஸுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகள் வேறு பக்கம் காட்டுகின்றன.

கேஸ் என்பது ஃப்ரிட்ஜைக் குளிரவைக்கும் வாயு. அது கார் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியில் போய்விடும். அதோடு, கேஸ் குறைந்தால் முதலில் அடிவாங்குவது ஃப்ரீசர். ஐஸ்கிரீம் கரண்டியை வைத்தவுடன் இறங்கும் அளவுக்கு இளகிவிடும். உங்களுக்கு மேலே கெட்டி, கீழே சூடு. அது காற்றோட்டக் கோளாறு.

இந்த வகை ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் கீழ்ப்பகுதிக்கென்று தனியாகக் குளிர்விக்கும் 'காயில்' (குழாய்ச்சுருள்) கிடையாது. ஒரே காயில், ஃப்ரீசரின் பின்பக்கப் பேனலுக்குள் இருக்கும். அதன் குளிரை ஒரு சின்ன ஃபேன் தள்ளும். பெரும்பங்கு ஃப்ரீசருக்கு, மிச்சம் ஒரு குழல் வழியாகக் கீழே. கதவு திறக்கும்போதெல்லாம் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய் அந்தக் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்கத்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் 20, 30 நிமிடம் எரியும். கரைந்த நீர் வடிகுழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

இந்தச் சங்கிலியில் ஹீட்டரோ, அதன் ஃபியூஸோ, காயில் சூடேறியதும் ஹீட்டரை நிறுத்தும் பைமெட்டல் சுவிட்சோ, நேரம் பார்த்து ஹீட்டரைப் போடும் டைமரோ ஒன்று போனால் பனி கரையாது. நாளுக்கு நாள் கனத்துக் காயிலை மூடி, கடைசியில் ஃபேனையும் கீழே போகும் குழல் வாயையும் அடைத்துவிடும். ஃப்ரீசர் அந்தப் பனிக்கட்டியை ஒட்டியே இருப்பதால் இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும். கீழ்ப்பகுதி முதலில் விழும். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் வருவதும் இதோடு சேர்ந்ததுதான். வடிகுழாய் வாய் உறைந்துபோனதால், கரைந்த கொஞ்ச நீரும் போக வழியில்லாமல் உள்ளேயே இறங்குகிறது.

குமிழ் விஷயம். பல மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் குமிழ் கம்ப்ரசரைக் கட்டுப்படுத்தாது. மேலே எவ்வளவு காற்று, கீழே எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டும் மாற்றும். அதைக் கடைசிவரை திருப்பியதால் கீழே போகும் காற்றை நீங்களே குறைத்திருக்கிறீர்கள். இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு அளந்து பாருங்கள். சாதாரண ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் போதும். ஒரு தம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்தவுடனே அளவு ஏறிவிடும், நம்பமுடியாது. ஃப்ரீசரில் இரண்டு உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே சொருகுங்கள். கீழே 4 டிகிரி செல்சியஸுக்குள், மேலே மைனஸ் 18 இருக்கவேண்டும்.

அளந்தபின், உள்ளே இருப்பதை ஐஸ் போட்ட பெட்டிக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். வெளியே கரைந்தது தெரிந்தால் போதாது, பேனலுக்குள் இருக்கும் கட்டி மெதுவாகத்தான் கரையும். லிட்டர் கணக்கில் தண்ணீர் வரலாம். பின்பக்கத் தட்டு நிரம்பி வழியும், அடியில் பழைய துண்டு போடுங்கள். கத்தி, திருப்புளி எதையும் வைத்துக் கொத்தாதீர்கள். காயில் மெல்லிய அலுமினியம், ஒரு குத்தில் ஓட்டை விழும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது தீப்பற்றும் வாயு.

மறுபடி போட்டதும் கீழே நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பினால் பனி கரைக்கும் சுற்றில்தான் பழுது, சந்தேகமே வேண்டாம். கரைத்த பிறகும் மேலும் கீழும் சரியாகக் குளிராவிட்டால், அப்போது கேஸைப் பற்றியும் கம்ப்ரசரைப் பற்றியும் பேசலாம்.

பக்கச் சுவர் சுடுவது பழுதில்லை. வெளியேற்றும் சூட்டுக்கான குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. விடாமல் சுட்டால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி

சாப்பாட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தோசை மாவு புளித்து வழிவதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. அதே வெப்பத்தில்தான் கோழிக்குழம்பும் இருந்திருக்கிறது என்பதுதான் கவலை. சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 முதல் 60 டிகிரி வரையை ஆபத்தான வெப்பநிலை என்று சொல்கிறது. பாக்டீரியா வேகமாகப் பெருகும் இடம் அது. உங்கள் கீழ்ப்பகுதி நாள்கணக்கில் 5-க்கு மேல் இருந்திருந்தால் சோறு, கோழிக்குழம்பு, சாம்பார், தேங்காய்ச் சட்னி, திறந்த பால், நறுக்கிய பழம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நோய் தரும் கிருமிகள் பல நேரம் வாடையே காட்டாது. ஊறுகாய், வெண்ணெய், ஜாம், சோயா சாஸ், முழுக் காய்கறி ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம்.

கொதிக்கவைத்தால் போதுமா? போதாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதிக்கும்போதுகூடச் சாகாது. சோறு வெளியில் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. மீனிலும் இப்படி ஒன்று உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைக் குளிரில்லாமல் வைத்திருந்தால் ஹிஸ்டமின் உருவாகும். குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு அரிக்கும். "மீன் ஒத்துக்கல" என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் குற்றம் மீனை வைத்திருந்த விதத்தில்தான். தேக்கா சந்தையில் வாங்கிய மீன் வீடு வந்து சேரும்வரை ஐஸோடு இருக்கவேண்டும் என்பது அதனால்தான்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆவி பறக்கும் குண்டானை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடாகும், காயிலில் பனியும் கூடும். ஆனால் முழுக்க ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விடுவது அதைவிட மோசம். இங்கே அறை வெப்பமே 30 டிகிரிக்கு மேல். நாலு லிட்டர் சாம்பார் ஒரே பாத்திரத்தில் இருந்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பாத்திரத்தைச் சிங்க்கில் ஐஸ்தண்ணீரில் நிறுத்தி, அடிக்கடி கிளறுங்கள். அரைமணி நேரத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான டப்பாக்களில் பிரித்து, முதல் ஒரு மணி நேரம் மூடியைச் சற்றே திறந்து உள்ளே வைத்துவிடுங்கள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடவேண்டும். சோற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சோறு மறுநாளோடு முடியட்டும். மற்றவை 3 நாள். மறுபடி சூடாக்கும்போது நடுவில் 75 டிகிரி வரவேண்டும், ஓரம் மட்டும் கொதித்தால் போதாது.

அடுக்குவதில் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு, பாலையும் முட்டையையும் கதவில் வைப்பது. ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம் கதவு. அங்கே தண்ணீர், சாஸ், ஊறுகாய் போதும். பால், மாவு, தயிர் நடுத்தட்டில், உள்பக்கமாக. பின்சுவரின் காற்றுத் துவாரத்தை ஒட்டி வைக்காதீர்கள், மாவு பாத்திரத்தின் ஒரு பக்கம் உறையும், மற்ற தட்டுகளுக்குக் காற்றும் போகாது. மாவை முக்கால் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பச்சைக் கோழி, மீன் எப்போதும் கீழ்த்தட்டில், விளிம்பு உயர்ந்த தட்டுக்குள். அதிலிருந்து சொட்டும் நீர் கொத்தமல்லிமேல் விழக்கூடாது. குழம்பு மாதிரி சமைக்கப்போகும் காய்க்குப் பரவாயில்லை, பச்சடிக்கும் சட்னிக்கும் போகும் இலை கொதிப்பதே இல்லையே.

மின்கம்பி

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் நேராகச் சுவர் சாக்கெட்டில் இருக்கவேண்டும். ரைஸ் குக்கர், கெட்டில், ஃப்ரிட்ஜ் மூன்றையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டும் வழக்கத்தை விடுங்கள். 13 ஆம்பியர் சாக்கெட்டில் 3,000 வாட் கெட்டில் ஒன்றே முழுத் திறனையும் எடுத்துக்கொள்ளும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, அதன் உலோகக் கால்கள் கறுத்திருந்தாலோ உடனே நிறுத்துங்கள். வீட்டு மின்சாரம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ட்ரிப் ஆகி, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது என்றால் பனி கரைக்கும் ஹீட்டரில் ஈரம் புகுந்து மின்கசிவு ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்ப சுவிட்சைத் தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது, ட்ரிப் ஆவது உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான்.

அடுத்து இடைவெளி. அலமாரிக்குள் இடுக்கிப் பொருத்துவது இப்போது பாணி. பக்கச் சுவர் வழியாகச் சூடு போகும் ஃப்ரிட்ஜுக்கு இரண்டு பக்கமும் 5 செண்டிமீட்டராவது வேண்டும், பின்னாலும் மேலேயும் கையேட்டில் உள்ளபடி. அடுப்புக்குப் பக்கத்திலோ மாலை வெயில் விழும் இடத்திலோ நின்றால் கம்ப்ரசர் கூடுதலாக ஓடும். ஃப்ரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் வானிலை வகுப்பு என்று எழுத்து இருக்கும். 'டி' என்றால் 43 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை. 'என்' என்பது 32 டிகிரி வரைக்கும்தான், நம் சமையலறை மதியத்தில் அதைத் தாண்டும்.

செங்காங்வாசி

மிக்க நன்றி. அளந்தேன். கீழே 11 டிகிரி, மேலே மைனஸ் 14. அடுப்படி சொன்னபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் கதவு மூடியிருப்பதாக ஃப்ரிட்ஜ் எண்ணி ஃபேனை ஓட்டட்டும் என்று ஃப்ரீசர் கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பார்த்தேன், காற்று வரவில்லை, கரகரவென்று ஒரு சத்தம் மட்டும். 24 மணி நேரம் கரையவிட்டேன், தண்ணீர் நிறைய வந்தது. இப்போது சத்தம் இல்லை, காற்று வருகிறது, கீழே 4 டிகிரி. இதோடு விட்டுவிடலாமா? ரிப்பேர் ஆளிடம் என்ன சொல்லிக் கேட்பது? இல்லை, புதிது வாங்குவதே மேலா?

சுருள்குழாய்

கரகர சத்தம் ஃபேன் இறக்கை பனியில் உரசியது. படம் முழுமையாகிவிட்டது. விடாதீர்கள், திரும்ப வரும். இன்றைய தேதியை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள், தினமும் காலையில் அளவைப் பாருங்கள்.

அதற்கு முன் இரண்டு சின்ன வேலை. ஃப்ரீசர் தரையிலோ பேனலுக்குக் கீழோ வடிகால் துளை தெரிந்தால், ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் 50 மில்லி மெதுவாக விடுங்கள். பின்னால் தட்டில் வந்து விழுந்தால் வழி திறந்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்த வேண்டாம். இன்னொன்று கதவு ரப்பர். இரண்டு வெள்ளி நோட்டைக் கதவுக்கு நடுவே வைத்து மூடி இழுங்கள். சற்றே பிடிப்புடன் வரவேண்டும். நாலு பக்கமும், குறிப்பாகக் கீல் பக்க மூலைகளில் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் முதலில் ரப்பர் மடிப்பைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். கறுப்புப் பூஞ்சையும் குழம்புப் பிசுக்கும்தான் பல நேரம் இடைவெளி போடும். தேய்ந்து வளைந்திருந்தால் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கிச் சரிசெய்யலாம். கிழிந்திருந்தால் புதிது போடவேண்டும். ரப்பர் கசிந்தால் புது ஹீட்டர் போட்டாலும் பனி சேரும்.

ரிப்பேர் ஆளிடம் "ஃப்ரீசர் மைனஸ் 14, கீழே 11, கரைத்ததும் 4-க்கு வந்தது, டிஃப்ராஸ்ட் ஹீட்டர், ஃபியூஸ், பைமெட்டல், டைமர் நாலையும் மீட்டர் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் கேஸ் பேச்சு அங்கேயே நிற்கும். 150 வாட் ஹீட்டர் என்றால் 350 ஓம் அளவில் காட்டவேண்டும், தொடர்பே இல்லை என்றால் எரிந்துவிட்டது. வெப்ப ஃபியூஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். பைமெட்டலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறை வெப்பத்தில் அது இணைப்பு விட்டுத்தான் இருக்கும். பனியில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். சூடாக அளந்து "போயிடுச்சு" என்று நல்ல பாகத்தை மாற்றிவிட்டுப் போனால் பனி மறுபடி வரும். பேனலைக் கழற்றும்போது அவர் பக்கத்தில் இருந்து பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். காயில் முழுக்க ஒரே சீராகக் கனமான வெள்ளைப் பனி என்றால் ஹீட்டர் சுற்று. ஓரிரண்டு வளைவில் மட்டும் பனி, மிச்சம் வெறுமை என்றால் மட்டும்தான் கேஸ். உள்ளே இருப்பது 230 வோல்ட், மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் நீங்களே இறங்கவேண்டாம்.

புதிதா பழையதா? ஹீட்டரும் ஃபியூஸும் விலை குறைந்த பாகங்கள். ஒன்பது வயது ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் நன்றாக இருக்கும்போது அவற்றை மாற்றுவதே என் கணக்கில் சரி. கம்ப்ரசரோ, சுவருக்குள் குழாய் ஓட்டையோ என்றால் புதிது வாங்குங்கள். அப்போது விலையை மட்டும் பார்க்காமல் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதைப் பாருங்கள். யூனிட் 30 காசு என்று வைத்தால், 350 யூனிட் ஃப்ரிட்ஜுக்கு ஆண்டுக்கு 105 வெள்ளி, 500 யூனிட்டுக்கு 150 வெள்ளி. பத்து வருடத்தில் 450 வெள்ளி வித்தியாசம். லேபிளில் மின்சிக்கனத்தைக் காட்டும் டிக் எண்ணிக்கையை ஒரே அளவுள்ள ஃப்ரிட்ஜ்களுக்குள் ஒப்பிடவேண்டும். பெரிய ஃப்ரிட்ஜ் அதே டிக் வாங்கியும் கூடுதல் மின்சாரம் இழுக்கும். பழையதை எடுத்துப்போகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2021 ஜூலையிலிருந்து, புதியதைக் கொண்டுவந்து இறக்கும் கடை பழைய ஒன்றை இலவசமாக எடுத்துச் செல்லவேண்டும் என்பது சட்டம்.

அடுப்படி

மேலே மைனஸ் 14 என்றால் ஃப்ரீசர் மீனும் கோழியும் உறைந்தேதான் இருந்திருக்கும், தூக்கி எறிய வேண்டாம். கரையவிட்ட 24 மணி நேரம் ஐஸ் பெட்டியில் இருந்ததே, அதில் ஒவ்வொரு பொட்டலத்தையும் அழுத்திப் பாருங்கள். நடுவில் இன்னும் ஐஸ் கட்டி தட்டுப்பட்டால் மறுபடி உறையவைக்கலாம், சுவை மட்டும் கொஞ்சம் குறையும். முழுக்க இளகி, சில்லென்று இருந்தால் இன்றே சமையுங்கள். சில்லென்றும் இல்லாவிட்டால் வேண்டாம்.

அடுத்த முறை மீனைத் துடைத்து, ஈரமில்லாமல், அரைக்கிலோ பொட்டலமாக, 2 செண்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பிக் காற்றை அழுத்தி வெளியேற்றி உறையவையுங்கள். சீக்கிரம் உறையும். முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் சமைக்கத் தயாராக இருக்கும். சிங்க்கில் போட்டுக் கரைக்கத் தேவையே வராது. தேதி எழுதுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீனை 2, 3 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இப்போதைக்கு ரிப்பேர் முடியும்வரை கீழே குறைவாக வையுங்கள். தம்ளர் தண்ணீரும் தெர்மாமீட்டரும் நடுத்தட்டிலேயே இருக்கட்டும். காலையில் 6 டிகிரி காட்டினால் அன்றே பாலையும் கோழியையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு மறுபடி பிளக்கைப் பிடுங்குங்கள்.